பாண்டு கால் வைத்தால் மூன்று நிமிடம்

எருமைகளோடு எனக்கு எந்தப் பகையும் கிடையாது. ஆனால் சேற்றில் எருமை ஜோடிகளை ஓடவிடும் கம்பளாப் பந்தயத்தின் போன சீசன் முழுக்க எருமைச் சேற்றைக் காதிலிருந்து கழுவி எடுத்தவன் நான். அதனால் ஹரிணாக்ஷியின் கதையைச் சொல்ல மற்றவர்களைவிட எனக்குக் கொஞ்சம் கூடுதல் உரிமை இருக்கிறது.

என் பெயர் வலேரியன். மங்களூரில் ஒரு பேக்கரியின் மாடியில் நடக்கும் பதினோரு பேர் கம்பெனியில் வயர் இழுப்பது, சென்சார் பொருத்துவது, எது கெட்டாலும் முதல் திட்டு வாங்குவது என் வேலை. ஹரிணாக்ஷி அங்கே புரோகிராம் எழுதுகிறவள். முந்திரி வறுக்கும் அடுப்பு எத்தனை நிமிடம் எரிய வேண்டும், ஐஸ் பிளான்ட்டில் மோட்டார் எப்போது நிற்க வேண்டும், இப்படி நேரம் சொல்லும் புரோகிராம்கள். முப்பத்து நாலு வயது. சிரித்தால் கீழே பேக்கரிக்காரர் அண்ணாந்து பார்ப்பார்.

அவள் பிறந்தது பண்ட்வாள் பக்கம். அம்மா பீடி சுற்றியவர். ஹரிணாக்ஷியும் பத்து வயதிலேயே மடியில் முறம் வைத்துக்கொண்டு இலை வெட்டினாள். அம்மாவின் அண்ணன் மோனப்ப பூஜாரி ஒரு நாள் வந்து அந்த முறத்தைப் பிடுங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாராம். "இவ கணக்குப் போடட்டும். இவ பங்கு பீடியை நான் சுத்தறேன்" என்று உட்கார்ந்து ஒரு வாரம் சுற்றினார். கமிஷன்காரர் அத்தனையையும் தள்ளிவிட்டார். ஒன்றுகூடப் பற்றவைக்க லாயக்கில்லை. ஆனாலும் முறம் மறுபடி அவள் மடிக்கு வரவில்லை. எஞ்சினியரிங் படித்தாள்.

கட்டிக்கொண்டது ஜயகரா என்கிற பஸ் கண்டக்டரை. எங்கள் ஊர் தனியார் பஸ்களில் முன்னால் போகும் பஸ் ஒரு நிமிடம் கூட நின்றுவிட்டால், பின்னால் வரும் பஸ்காரர் இறங்கி வந்து சட்டையைப் பிடிப்பார். அதனால் அவர்கள் வீட்டில் ஒரு நிமிடம் என்றால் ஒரு நிமிடம்தான். குக்கர் விசிலுக்கே தாமதத்துக்கு விளக்கம் கேட்பாள்.

மோனப்ப மாமாவுக்கு இரண்டு எருமைகள், செனியா, பாண்டு. கம்பளாவில் ஓடுகிற ஜோடி. பிள்ளைகள் இல்லாத மனிதர். எருமைகளுக்குக் கொள்ளு வேகவைத்த பிறகுதான் தனக்குக் கஞ்சி வைப்பார். பாண்டுவுக்கு வயதாகிவிட்டது, இதுதான் கடைசி சீசன். கமிட்டியிலும் மாமா ஓர் ஆள். கமிட்டிக்குப் பல வருஷத் தலைவலி ஒன்று உண்டு. ஜோடிகள் ஓடி முடிக்க எடுத்துக்கொள்வது பதின்மூன்று, பதினான்கு செகண்டு. கிளம்ப எடுத்துக்கொள்வது அரை மணி. ஒரு ஜோடி நேரே நிற்கும்போது மற்றது திரும்பிக்கொள்ளும். அது நேரானால் இது திரும்பும். சில பேர் வேண்டுமென்றே பிடித்து நிறுத்தி வைப்பார்கள். எதிர் ஜோடி வெயிலில் நின்று சூடேறிக் களைத்துப்போகட்டும் என்று. நூற்று நாற்பது ஜோடி வந்தால் அடுத்த நாள் காலையில் முடிய வேண்டியது மதியம் வரை இழுக்கும்.

மூன்று நிமிடம் என்று விதி போட்டார்கள். பச்சை விளக்கு எரிந்ததிலிருந்து மூன்று நிமிடம். ஜோடிக்குப் பின்னால் ஓடுகிற ஓட்டக்காரர் சிவப்பு எரிவதற்குள் "தயார்" என்று கை தூக்காவிட்டால் அந்த ஜோடி அவுட். முதலில் ஒரு வாத்தியாரைக் கைக்கடிகாரத்தோடு உட்காரவைத்தார்கள். இரண்டாவது போட்டியிலேயே அவர் வேட்டியைச் சேற்றில் விட்டுவிட்டு ஓடினார். "மனுஷன் வேணாம். மெஷினோட யாரும் சண்டை போட முடியாது. என் மருமக செய்வா" என்று மாமா சொன்னார். வேலை எங்கள் மாடிக்கு வந்தது.

கருவி சிக்கலானதில்லை. புறப்படும் கோட்டில் ஒரு ஒளிக்கற்றை. இரண்டு அடி தள்ளி இன்னொன்று. ஜோடி இரண்டையும் வெட்டிக்கொண்டு போனால் கிளம்பிவிட்டது என்று அர்த்தம். பெட்டிக்குள் புரோகிராம். அதில் பல வேலையாட்கள் இருப்பதாக ஹரிணாக்ஷி எனக்கு விளக்குவாள். அவர்கள் பாஷையில் த்ரெட். இடது கரெயை, அதாவது ஒரு ஜோடி ஓடுகிற சேற்றுப் பாதையைக் கவனிக்க ஒருவர், வலது கரெயைக் கவனிக்க ஒருவர், விளக்குக்கு ஒருவர், எல்லாவற்றையும் எழுதிவைக்க ஒருவர். எல்லோரும் ஒரே சமயத்தில் வேலை செய்வார்கள், பெரும்பாலும் தூங்குவார்கள், ஒருவரை ஒருவர் தட்டி எழுப்புவார்கள்.

"நம்ம ஆபீஸ் மாதிரியே" என்றேன்.

"ஆபீஸ்ல தட்டி எழுப்பறது யாரு? நான் ஒருத்திதான்" என்றாள்.

முதல் கம்பளா கொடிபெட்டு கிராமத்தில். அங்கே நடந்த தவறுக்கு நான்தான் காரணம், மறைக்க மாட்டேன். அச்சடித்து வரும் முடிவுத்தாளில் நேரம் நாலு நிமிடம் பின்தங்கியிருக்கிறது என்று அறிவிப்பாளர் மைக்கிலேயே குறை சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு மானம் போயிற்று. போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே லேப்டாப் கடிகாரத்தை நாலு நிமிடம் முன்னால் தள்ளிவைத்தேன். அந்தக் கணமே சிவப்பு எரிந்தது. பச்சை எரிந்து இருபது செகண்டுகூட ஆகவில்லை. அவுட் ஆன ஜோடியின் சொந்தக்காரர் கூடாரத்துக்குள் வந்து என்னை இரண்டு கையால் தூக்கினார். எண்பத்தாறு கிலோ நான்.

"அண்ணா, கீழ விடுங்க! திருப்பி ஓடவிடறோம்!" என்று ஹரிணாக்ஷி கத்தினாள். பிறகு என்னிடம், "என்ன பண்ணுனீங்க வலேரியண்ணா?"

"கடிகாரத்தைச் சரி பண்ணேன்மா. நல்லதுதானே?"

அவள் ஒரு மணி நேரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பச்சை பத்து பன்னிரண்டுக்கு எரிந்தால் பத்து பதினைந்துக்குச் சிவப்பு என்று புரோகிராம் குறித்துவைத்திருக்கிறது. நான் கடிகாரத்தைப் பத்து பதினாறுக்குத் தள்ளியதும், நேரம் தாண்டிவிட்டதென்று அது சிவப்பைப் போட்டுவிட்டது. "தப்பு உங்க மேல பாதி, என் மேல பாதி. யாரு வேணா திருகற கடிகாரத்தை நம்பி எழுதினேன் பாருங்க" என்றாள். மறுநாளே மாற்றி எழுதினாள். இனிமேல் ஊர்க் கடிகாரம் பக்கமே போகாது. காவல்காரன் போல இருக்கிற அந்த விளக்கு த்ரெட்டிடம், "மூன்று நிமிடம் தூங்கு. எழுந்ததும் சிவப்பைப் போடு" என்று சொல்லிவிட்டாள். கடிகாரத்தை யார் எப்படித் திருகினாலும் அதற்குக் கவலையில்லை.

சரியாகிவிட்டது என்று மாமா கமிட்டி முழுக்கச் சொல்லிவைத்தார்.

இரண்டாவது கம்பளா நடுபைலில். அங்கே சிவப்பு வரவேயில்லை. வந்தது, ஆனால் அதன் இஷ்டத்துக்கு வந்தது. ஒரு போட்டியில் மூன்று நிமிடம். அடுத்ததில் ஏழு. பிறகு இரண்டு போட்டி ஒழுங்காக மூன்று. அப்புறம் பத்தொன்பது. ஹரிணாக்ஷி நாள் முழுக்கத் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தொடங்கியது என்று ஒரு வரி, முடிந்தது என்று ஒரு வரி, நடுவில் ஒன்றுமில்லை. போட்டிகள் மறுநாள் பகல் இரண்டு மணிக்கு முடிந்தன. மாமாவின் ஜோடிதான் மெடல் வாங்கியது. பாண்டு பதினோரு நிமிடம் பொறுமையாக நின்று, எதிர் ஜோடி தவித்துப்போன பிறகு கிளம்பி ஜெயித்தான். மாமா அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஆடினார்.

கமிட்டித் தலைவர் ரத்னவர்ம பல்லாள் மெதுவாகப் பேசுகிறவர். மெதுவாகவே சொன்னார்.

"பாரம்மா, உன் மெஷின் முதல்ல இருபது செகண்டுல தள்ளுச்சு. இப்ப இருபது நிமிஷம் ஆனாலும் தள்ள மாட்டேங்குது. அடுத்தது உளபைல், சீசனோட கடைசி. அங்கயும் இப்படி ஆச்சுன்னா பெட்டியில போட்டு எடுத்துட்டுப் போயிடுங்க. எங்களுக்குப் பழையபடி கொடி அசைக்கறதே போதும்."

"பல்லாளரே, ஆகாது" என்றார் மாமா. "நான் பொறுப்பு. உளபைல்ல அது தப்பு பண்ணுச்சுன்னா இனி கமிட்டில நான் வாய் திறக்க மாட்டேன்."

மாமா வாய் திறக்காமலிருப்பதைப் பார்க்கவே பாதிக் கமிட்டி ஆசைப்பட்டிருக்கும். ஆனால் ஹரிணாக்ஷியின் முகம் செத்துவிட்டது. வேனில் திரும்பும்போது, "வலேரியண்ணா, வேலை போனா வேற வேலை. ஊரே பாக்க மாமா எனக்காக வார்த்தை குடுத்திருக்காரு." என்றாள். சர்முறி என்கிற மசாலாப் பொரிப் பொட்டலம் வாங்கிக் கொடுத்தேன். சாப்பிடவில்லை. அவள் சாப்பிடாமலிருந்ததை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மாடியில் சோதனை தொடங்கியது. நான் கையை இரண்டு ஒளிக்கற்றையிலும் வீசுவேன், அல்லது சும்மா உட்கார்ந்திருப்பேன். சும்மா இருந்தால் மூன்று நிமிடத்தில் சிவப்பு. நானூறு தடவை செய்தோம், நானூறு தடவையும் மூன்று நிமிடம்தான். மைதானத்தில் வெயில் அதிகம், சூட்டில் கெட்டிருக்கும் என்று நான் சொன்னேன். கீழே பேக்கரி அடுப்புப் பக்கத்தில் பெட்டியை வைத்தோம். மூன்று நிமிடம். ஈரமாக இருக்கலாம் என்றார் முதலாளி. நனைந்த சாக்கைப் போர்த்தினோம். மூன்று நிமிடம். பறைச்சத்தமோ என்று ஒருவன் சொன்னான். ஜயகரா தன் பஸ்ஸின் ஏர் ஹாரனைக் கழற்றிக்கொண்டு வந்து அடித்தான். பேக்கரிக்காரர் மேலே ஏறி வந்தார். அப்போதும் மூன்று நிமிடம்தான்.

"உங்க வயரிங்தான்" என்றார் முதலாளி என்னிடம்.

"என் வயரைத் தொட்டுப் பாருங்க, அப்புறம் பேசுங்க" என்றேன். எனக்கும் கோபம் வரும்.

ஹரிணாக்ஷி திடீரென்று எழுந்தாள். "இங்க எல்லாம் இருக்கு, எருமை இல்ல. ஞாயித்துக்கிழமை மாமா வயலுக்குப் போறோம்."

மாமாவின் வயலில் பழகுவதற்கு ஒரு சின்னக் கரெ இருக்கிறது. நாங்கள் போன அன்று மாமா ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். அது கடவுள் போட்ட திட்டம் என்பேன் நான், என் வீட்டுக்காரி தற்செயல் என்பாள். அங்கே சேசப்பா மட்டும் இருந்தான். அவன்தான் மாமாவின் ஓட்டக்காரன். மெலிந்த உடம்பு, சேற்றில் மீன் மாதிரி போவான், பொய் சொல்லத் தெரியாது.

நான் ஒளிக்கற்றைகளைப் பொருத்தினேன். ஹரிணாக்ஷி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் சேற்றில் இறங்கினாள். பச்சை எரிந்தது. சேசப்பா ஜோடியைப் பிடித்து நின்றான். இரண்டு நிமிடம் தாண்டியதும் பாண்டுவின் முதுகில் லேசாகத் தட்டி, "காலு, காலு" என்றான். பாண்டு வலது முன்னங்காலைத் தூக்கி ஒரு அடி முன்னால் வைத்தான். பிறகு அழகாகப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"என்ன பண்றான் அவன்?" என்றாள் ஹரிணாக்ஷி.

"நேரம் கேக்கறான், அக்கா."

"என்ன நேரம்?"

"அதான், வெளிச்சத்துல காலு வெச்சா உங்க மெஷின் மறுபடி மூணு நிமிஷம் குடுக்குமில்ல?"

ஹரிணாக்ஷி அவனையே பார்த்தாள்.

"நீங்கதானே வெச்சீங்க அதை? எருமை மிரண்டா இன்னும் கொஞ்சம் நேரம் குடுக்கணும்னு. ஓட்டக்காரங்க எல்லாம் உங்களுக்கு நல்ல மனசுன்னு பேசிக்கிட்டோம்."

"எல்லாருக்கும் தெரியுமா?"

"நடுபைல்ல மத்தியானத்துக்குள்ள எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு, அக்கா. பாண்டுவுக்கு மாமாவே உக்காந்து பழக்குனாரு. ரெண்டு வாரமாச்சு. இப்ப தட்டவே வேணாம், தானாவே வெக்கிறான். புத்திசாலி."

சிவப்பு ஐந்து நிமிடம் பத்து செகண்டுக்கு எரிந்தது. பாண்டு கால் வைத்ததிலிருந்து சரியாக மூன்று நிமிடம்.

ஹரிணாக்ஷி போட்ட கூச்சலில் செனியா மிரண்டு என்மேல் சேற்றை இறைத்துவிட்டான். அவள் என் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். "கிடைச்சிருச்சு! வலேரியண்ணா, கிடைச்சிருச்சு! நீங்க ஆபீஸ்ல ஒழுங்கா ரெண்டு கத்தையையும் வெட்டுனீங்க, இல்லேன்னா கை கட்டி உக்காந்தீங்க. நல்ல மனுஷன் நீங்க. அதான் கெட்டுது!"

வரப்பில் உட்கார்ந்து எனக்கும் சேசப்பாவுக்கும் விளக்கினாள். "காவல்காரன்கிட்ட மூணு நிமிஷம் தூங்கிட்டு எழுந்திருன்னு சொல்லியிருக்கேன். ரெண்டாவது நிமிஷம் யாரோ கதவைத் தட்டறாங்க. எழுந்து பாக்கறான். ஜோடி கிளம்பலை, வெறும் காலு. சரின்னு திரும்பப் படுக்கறான். படுக்கும்போது மிச்சம் ஒரு நிமிஷம்னு படுக்கணுமில்லையா? இவன் மறுபடி முதல்லேருந்து மூணு நிமிஷம் படுக்கறான். ஒவ்வொரு தடவ தட்டும்போதும் புதுசா மூணு. ஆறு தடவ தட்டினா இருபது நிமிஷம் ஆகும்."

"பழைய மாதிரி இத்தனை மணிக்குன்னு குறிச்சு வெச்சிருந்தா?" என்றேன்.

"அப்ப இது வந்திருக்காது. உங்க தப்பைச் சரி பண்ணப்போயி இதை நானே உள்ள விட்டுட்டேன்." அவளுக்கு அதைச் சொல்ல வெட்கமே இல்லை. லேப்டாப்பை வேன் பானெட்டில் வைத்து நாலே வரி மாற்றினாள். யாரும் திருக முடியாத உள் எண்ணிக்கையில் முடிவு நேரத்தை முதலிலேயே குறித்துக்கொள். எத்தனை தடவை எழுந்தாலும் மிச்சத்தை மட்டும் தூங்கு. மறுபடி பச்சை. பாண்டு கால் வைத்தான், எடுத்தான், வைத்தான். மூன்று நிமிடத்தில் சிவப்பு. பாண்டு விளக்கைத் திரும்பிப் பார்த்ததாகச் சேசப்பா சத்தியம் செய்கிறான்.

மாமா கல்யாணச் சட்டையோடு வந்து சேர்ந்தார். விஷயம் தெரிந்ததும் சேசப்பாவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மருமகளை வீட்டுக்குள் கூப்பிட்டார். நானும் போனேன். கூப்பிடாவிட்டாலும் போவேன்.

"மாமா, எனக்காக ஊர் முன்னாடி வார்த்தை குடுத்தீங்க. நீங்களே கால் வெக்கப் பழக்கியிருக்கீங்க!"

"உன் மெஷின் குடுத்துது, நான் வாங்கிக்கிட்டேன். திருடலையே."

"எனக்கு ஏன் சொல்லலை?"

"சொன்னா நீ சரி பண்ணிடுவேன்னு தெரியும்." மாமா சட்டைப் பொத்தானைக் கழற்றினார். "இன்னும் ஒண்ணே ஒண்ணு, உளபைல். பாண்டுவுக்குக் கடைசி. அதுல ஜெயிச்சா சீசன் பட்டம். அவன் சீக்கிரம் கிளம்பற ஜாதி இல்ல, நின்னு நிதானிச்சுத்தான் போவான். ஒரு ரெண்டு வாரம் அப்படியே விடு. அப்புறம் நூறு தடவ சரி பண்ணிக்க."

ஹரிணாக்ஷிக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்த மனிதர் கேட்டு அவள் இல்லை என்று சொன்னதே கிடையாது.

"முடியாது, மாமா. ஏற்கனவே சரி பண்ணிட்டேன்."

"நடுபைலுக்கு முன்னாடியும் சரி பண்ணிட்டேன்னுதான் சொன்னே." மாமா சிரித்துவிட்டார். "பார்க்கலாம், பார்க்கலாம். சாப்பிட்டுப் போங்க."

நீர்தோசையும் மீன் குழம்பும் போட்டார். மூவரும் சாப்பிட்டோம்.

உளபைலில் காலை பத்து மணிக்கு ஹரிணாக்ஷி மைக்கைக் கேட்டு வாங்கினாள். யாருக்கும் தெரியாமல் மாற்றக் கூடாது என்று அவளுக்குப் பிடிவாதம். "ஓட்டக்கார அண்ணன்களே, கேளுங்க. இனி வெளிச்சத்துல கால் வெச்சா நேரம் கூடாது. எத்தனை கால் வெச்சாலும் மூணு நிமிஷம்தான். அது என் நல்ல மனசு இல்ல, என் தப்பு. இப்ப சரி பண்ணியாச்சு."

கரெ ஓரமெல்லாம் சிரிப்பு. "ரெண்டு தடவ சரியாச்சுன்னு சொன்ன மெஷின்தானே, அக்கா!" என்று ஒரு குரல். அறிவிப்பாளர் மைக்கை வாங்கிக்கொண்டு, "எருமைகளுக்கும் யாராவது சொல்லிடுங்கப்பா" என்றார்.

முதல் பதினைந்து இருபது போட்டிகளில் ஜோடிகள் இயல்பாகவே மூன்று நிமிடத்துக்குள் போய்விட்டன. எதுவும் தெரியவில்லை. பதினொன்றரைக்கு மோனப்ப பூஜாரியின் செனியா, பாண்டு. எதிர்க் கரெயில் ஓர் இளம் ஜோடி. அதன் ஓட்டக்காரர் முதல் நிமிடத்திலேயே கை தூக்கிவிட்டார்.

ஹரிணாக்ஷி திரையைப் பார்க்கவில்லை. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கோட்டருகே நின்றாள். இரண்டாவது நிமிடத்தில் பாண்டு கால் வைத்தான். எடுத்தான். கூட்டம் கைதட்டியது. மாமா ஓரத்திலிருந்து, "அவசரமில்ல சேசப்பா, நேரம் இருக்கு!" என்று கத்தினார். இரண்டரையில் மறுபடி ஒரு கால். சேசப்பா ஹரிணாக்ஷியைத் திரும்பிப் பார்த்தான். அவள் நேரம் கூடாது என்று தலையை ஆட்டினாள். அவன் அவசரமாகக் கயிற்றை இறுக்கினான், செனியா திரும்பிக்கொண்டான்.

சிவப்பு எரிந்தது.

கூட்டம் அப்படியே நின்றது. கைகூடத் தட்டவில்லை. பல்லாளர் நாற்காலியிலிருந்து எழுந்தார். விதிப்படி ஜோடியின் சொந்தக்காரர் ஆட்சேபணை சொல்லலாம். சொன்னால் போட்டி மறுபடி நடக்கும். பொறுப்பேற்ற ஆளே இந்த மெஷின் மேல் ஆட்சேபணை சொன்னால் அதைப் பெட்டியில் போட வேண்டியதுதான்.

"மோனப்பண்ணா, ஆட்சேபணை உண்டா?" என்றார் அறிவிப்பாளர்.

மாமா சேற்றில் இறங்கி நடந்து வந்தார். முகம் கறுத்திருந்தது. ஹரிணாக்ஷிக்கு ஒரு கை தூரத்தில் நின்றார்.

"உண்மையாவே மூணா?"

"மூணுதான், மாமா."

"நடுபைல்ல நான் எத்தனை நிமிஷத்துல போனேன்?"

"பதினொண்ணு."

மாமா பாண்டுவைப் பார்த்தார். பாண்டு மறுபடியும் காலை வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு நின்றான், பாவம், அவனுக்கு யாரும் சொல்லவில்லை. மாமா அறிவிப்பாளரிடமிருந்து மைக்கை வாங்கினார்.

"ஆட்சேபணை இல்ல. என் ஜோடி அவுட். மெஷின் சரி." மூச்சு வாங்கினார். "நடுபைல்ல பதினோரு நிமிஷத்துல கிளம்பித்தான் நான் ஜெயிச்சேன். அதுவும் அவுட்டுதான். அந்த மெடலை ரெண்டாவது வந்தவரு நாளைக்கு என் வீட்ல வந்து வாங்கிக்கலாம். சாப்பாடும் உண்டு."

ஹரிணாக்ஷி அங்கேயே அழுதுவிட்டாள். நானும்தான், சேறு கண்ணில் பட்டது என்று சொல்லிக்கொண்டேன். அதற்குள் கூட்டத்திலிருந்து யாரோ கத்தினார்கள்: "டேய், மாமனையே விடலை அந்த மெஷின்! நம்மள விடுமா? கட்டுங்கடா, கிளம்புங்கடா!"

அதற்குப் பிறகு நடந்ததை நான் இருபது வருஷக் கம்பளாவில் பார்த்ததில்லை. பச்சை எரிந்தால் ஜோடிகள் பறந்தன. ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம். யாரும் இரண்டைத் தாண்டவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கு முன்பே கடைசிப் போட்டி முடிந்து, டீக்கடைக்காரர் பாதிப் பால் மிஞ்சிவிட்டதென்று திட்டினார். பல்லாளர் வந்து ஹரிணாக்ஷியிடம், "அடுத்த வருஷம் ஒன்பது இடம். வர்றியாம்மா?" என்றார். மெதுவாகத்தான் கேட்டார்.

மாமா மட்டும் எங்கள் வேனில் ஏறவில்லை. எருமைகளின் லாரியில் பின்னால் பாண்டுவோடு நின்றுகொண்டே போனார். ஒரு மாதம் போன் செய்யவில்லை. ஹரிணாக்ஷி தினமும் போனை எடுப்பாள், வைப்பாள். "கோவமா இருப்பாரா, வலேரியண்ணா?" என்று கேட்பாள். "இருப்பாரு, ஏன் இருக்க மாட்டாரு" என்பேன். ஆறுதல் சொல்ல எனக்கு வராது.

ஐந்தாவது ஞாயிறு அவரே கூப்பிட்டார். கோழிக் குழம்போடு சாப்பிடும் மொறுமொறு கோரி ரொட்டி செய்திருப்பதாகவும், அந்த வயர்க்காரனையும் கூட்டி வரும்படியும் சொன்னார். போனோம். மாமா பரிமாறினார். எருமை பற்றி ஒரு பேச்சில்லை. ஹரிணாக்ஷி ரொட்டியை நொறுக்கிக்கொண்டே இருந்தாள், வாயில் வைக்கவில்லை. மாமா அவள் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு விட்டார்.

"மருமகளே, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க, மாமா."

"அந்த மூணு நிமிஷத்தை ஒண்ணரையாக்க முடியுமா?"

அவள் தலையை நிமிர்த்தினாள்.

"தினமும் காலையில பழக்கறேன். பாண்டு நிக்கறதை விட்டுட்டான். பச்சையைப் பாத்தா போதும், ஒரு நிமிஷம் பத்து செகண்டுல கிளம்பறான். கடைசி சீசன்னு யாரு சொன்னது? இன்னும் ஒரு வருஷம் ஓடுவான்." மாமா குரலைத் தாழ்த்தினார். "மத்தவன் எவனுக்கும் ஒண்ணரைல முடியாது. கமிட்டில நான் பேசிக்கறேன். நீ சும்மா முடியும்னு மட்டும் சொல்லு."

ஹரிணாக்ஷி சிரித்த சிரிப்பில் கொட்டிலில் இருந்த பாண்டு எழுந்து நின்றுவிட்டான்.